என் பேச்சுல குறுக்க பேசு

அதத்தான் நானும் சொல்லிக்கிட்டிருக்கேன், பெரியவங்களக் கூப்டுற மாதிரி என்னச் சாச்சின்னு கூப்டாத. உள்ள போனப்புறம் மட்டும் இல்லம்மா, இப்பலேருந்தே கூப்டாத. வாய் பழகிடும். அப்புறம் பரீட்சை வைக்கிற அந்த வெள்ளக்காரம்மா முன்னாடி ஒரு தடவ சாச்சின்னு சொல்லிட்டன்னா உன் தல தானா குனிஞ்சிரும். தல குனிஞ்சா குரலும் குனிஞ்சிரும். அவ்வளவுதான், முடிஞ்சுது. பேரச் சொல்லிக் கூப்டு. என் பேரு கைருன்னெஸா. எங்க, சொல்லு. சொல்லும்மா, யாரும் உன்ன அடிக்கப் போறதில்ல.

பாத்தியா, கையால வாயப் பொத்திக்கிற.

சரி, மெதுவாவே பேசு. அந்த மேசைக்காரப் பொண்ணு இங்கயே பாக்குது. பேசக் கூடாதுன்னு இல்ல, சத்தம் போடக் கூடாது. நம்ம ரெண்டு பேரையும் இந்த நீல நாற்காலில பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சிருக்காங்கல்ல, அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உள்ள போகணும். ஆமா, நிச்சயமா. போன தடவையும் இதே மாதிரிதான். பக்கத்து நாற்காலில யாரோ, அவங்கதான் ஜோடி. ஒருத்தர் ஒருத்தரா உள்ள விட்டு நாலு கேள்வி கேட்டு அனுப்பினா எவ்வளவு நல்லா இருக்கும். இவங்க அப்படி வைக்கல. ரெண்டு பேரையும் எதுத்தாப்ல உக்கார வச்சு, இங்கிலீசுல நீங்களே பேசிக்குங்கன்னு விட்டுட்டு, அந்தம்மா ஓரமா உக்காந்து மார்க் போடும். நீ பேசலன்னா உனக்கு மார்க் இல்ல. நான் பேசும்போது நீ கேக்கலன்னாலும் உனக்கு மார்க் இல்ல. நான் தப்பா சொன்னா, இல்லன்னு நீ சொல்லணும். அதுக்கும் மார்க் இருக்கு.

அதனாலதான் சொல்றேன். உன் வயசு பொண்ணு ஒருத்தி உன் பக்கத்துல உக்காந்திருந்தா நான் கவலப்பட மாட்டேன். நான்ல உக்காந்திருக்கேன்.

ஊரு எதுன்னு சொன்ன? பியானிபஜாரா? டவுன்லயா, உள்ளயா? ம். நான் ஜகன்னாத்பூர். இல்ல, இல்ல, தேடாத. நம்ம வங்காளி ஜனங்க பஸ்ஸுல பத்து நிமிஷம் பக்கத்துல உக்காந்தா ஒரு சொந்தத்தக் கண்டுபுடிச்சிருவாங்க. நீ உங்க மாமா பேரச் சொல்லுவ, நான் எங்க அண்ணன் சம்சாரத்து ஊரச் சொல்லுவேன், கடைசில நான் உனக்கு அத்த முறையாயிருவேன். அப்புறம் நீ என் முன்னாடி கால நீட்டி உக்காரவே மாட்ட. இன்னைக்கு நமக்குள்ள ஒரு சொந்தமும் வேணாம். வெளிய வந்தப்புறம் எவ்வளவு வேணா தேடிக்கலாம்.

உன் பேரு ரெஹ்னுமாதான? மேசைல அந்தப் பொண்ணு பாஸ்போர்ட்டப் பாத்துப் படிச்சுதே. நல்ல பேரு. பாஸ்போர்ட்டுல பொறந்த நாளும் பாத்தேன், எட்டிப் பாத்தேன், தப்பா நினைக்காத. ஜனவரி ஒண்ணு. எனக்கும் ஜனவரி ஒண்ணுதான். அதோ அந்த ஜன்னல் பக்கம் உக்காந்திருக்கே ஒரு தம்பி, அவனுக்கும் ஜனவரி ஒண்ணாத்தான் இருக்கும். அந்த தேதில நம்ம ஊருல வயலுல வேல செய்ய ஆளே இருந்திருக்க மாட்டாங்க போல, எல்லாப் பொம்பளைங்களும் பிரசவத்துல படுத்துட்டாங்க. வருஷமும் அப்படித்தான். எழுபத்தொண்ணுல, நாடு பிரிஞ்ச சண்ட வருஷத்துல, நான் தம்பிய இடுப்புல தூக்கிக்கிட்டு ஆத்தத் தாண்டினவ. பாஸ்போர்ட்ட நம்பினா அப்ப எனக்கு அஞ்சு வயசு. அஞ்சு வயசுப் பிள்ள இன்னொரு பிள்ளையத் தூக்கிட்டு நெஞ்சு மட்டும் தண்ணில நடந்துச்சாம். அறுபத்தஞ்சு ஆனவங்களுக்கு இந்தப் பரீட்சையே கிடையாது தெரியுமா? உண்மையான வயசு எழுதியிருந்தா நான் இங்க வந்திருக்கவே வேணாம். எவனோ ஏஜென்டு, பொண்ணு சின்ன வயசா இருந்தா நல்லதுன்னு கொறச்சு எழுதிட்டான். அவன் நல்லதுக்குத்தான் செஞ்சான்.

சிரிக்கிற. அப்பாடா. பல்லு இருக்கு உனக்கு.

உன் விசா எப்ப முடியுது?

இந்த மாசக் கடைசியா?

ரெஹ்னுமா, இந்த மாசம் முடிய எத்தன நாள் இருக்குன்னு தெரியுமில்ல? இதுல தவறினா மறுபடி எழுத இடமே கெடைக்காதே. இந்த சர்டிஃபிகேட் இல்லாம வக்கீல் எதப் போய் குடுப்பாரு? ஏன் இவ்வளவு தள்ளிப் போட்ட? … ஓ, பிரசவத்துல ஆபரேஷனா. பிள்ளைக்கு எத்தன மாசம்? எட்டா. பையனா? மாஷா அல்லாஹ். அப்ப இப்ப பால் கட்டியிருக்குமே. நானும் பாத்தேன், நீ துப்பட்டாவ மார்ல அழுத்தி அழுத்திப் புடிக்கிறத. வலிக்குதா? பொறுத்துக்க. கோட்டப் போட்டு மூடிக்க, உள்ள நனைஞ்சாலும் தெரியாது. பிள்ள இப்ப யாருகிட்ட? அவரு கார்ல வச்சுக்கிட்டு கீழ சுத்திக்கிட்டு இருக்காரா? பாவம், இந்த மான்செஸ்டர்ல நிறுத்த எடம் எங்க இருக்கு.

மாமியார் என்ன சொன்னாங்க?

மெல்லவே சொல்லு, எனக்குக் கேக்குது.

அப்படியா சொன்னாங்க. விசா கெடைக்கலன்னா நீ போயிட்டு வா, பிள்ளைக்கு இந்த ஊரு பாஸ்போர்ட், அவன் எதுக்குப் போகணும்னு. அவங்களே பால் பவுடர் டப்பாவும் வாங்கி வச்சுட்டாங்களா.

…

உன் புருஷன் என்ன சொல்றாரு? கேட்டா கார் சாவிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுறாரா. ம். ஓட்டல்ல வேலயா? ஆமா, அவரு சம்பளத்த வச்சுத்தான விசா, அதயும் விட்டுட்டு அவரு உன்கூட வர முடியாது. சரி. அழாத. நான் அதக் கேட்டிருக்கக் கூடாது. இல்ல, கேட்டதும் நல்லதுதான். எனக்குத் தெரியணும். யாருக்கு எவ்வளவு நேரம் வேணும்னு தெரியாம எப்படி அளக்குறது.

எனக்கா? எனக்கு விசா அடுத்த மாசம். அத விடு. உன் இங்கிலீசு எப்படி, அதச் சொல்லு. பன்னண்டு வர படிச்சிருக்கியா! காலேஜுல வேற சேந்தியா? யா அல்லாஹ், நான் அஞ்சாவது. அப்ப உன் பிரச்சின இங்கிலீசே இல்ல. நான்தான் உன் பிரச்சின.

நான் எப்படித் தோத்தேன்னு சொல்றேன், கேளு. போன தடவ எனக்கு ஜோடியா வந்தது ஒரு ஆம்பள. ஊரு சுனாம்கஞ்ச் பக்கம். தாடி, தொப்பி, ஹஜ்ஜு முடிச்சவரு. அவருக்கும் நம்ம மாதிரி விசாதான், பொஞ்சாதி இந்த ஊருக்காரி. நல்ல மனுஷன். அதுதான் வினையாப் போச்சு. உள்ள போனோம். அந்தம்மா ஒரு அட்டையக் குடுத்துச்சு. உங்க கூட்டாளி ஒருத்தர் ஆஸ்பத்திரில இருக்காரு, ரெண்டு பேரும் பாக்கப் போறீங்க, என்ன வாங்கிட்டுப் போறதுன்னு பேசி முடிவு பண்ணுங்க. இவ்வளவுதான். எனக்குப் புரிஞ்சுது, அவருக்கும் புரிஞ்சுது. அவரு சொன்னாரு, சிஸ்டர், யூ ஃபர்ஸ்ட். நான் சொன்னேன், நோ பிரதர், யூ ஃபர்ஸ்ட். இல்லல்ல, சிஸ்டர் ப்ளீஸ். இல்லல்ல, பிரதர் ப்ளீஸ். அந்தம்மா அவரப் பாக்குது, என்னப் பாக்குது, பேனாவத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே இருக்குது. கடைசில அவரு ஆப்பிள்னாரு. நான் எஸ், ஆப்பிள்னேன். அவரு கிரேப்ஸ்னாரு. நான் எஸ், கிரேப்ஸ்னேன். அவரு மேக்கூரையப் பாத்துப் பேசுறாரு, அந்நியப் பொம்பளையப் பாக்கக் கூடாதுன்னு. நான் மேசையப் பாத்துப் பேசுறேன். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் வாயே தொறக்கல. அவரு எனக்காகக் காத்திருக்காரு, நான் அவருக்காகக் காத்திருக்கேன். எங்க கூட்டாளி இன்னும் அந்த ஆஸ்பத்திரில பசியோட படுத்திருப்பான்.

வெளிய வந்து லிஃப்ட்டு கிட்ட நின்னு நம்ம பேச்சுல கலகலன்னு பேசினாரு அந்த மனுஷன். உள்ள ஒரு சொல்லு வரல, வெளிய வந்து பேத்தி பேரு வரைக்கும் சொன்னாரு. கீழ அவரு பொஞ்சாதி நின்னுக்கிட்டிருந்தா. என்னாச்சுன்னு கேட்டா. சகோதரிக்கு மரியாத குடுத்தேன்னாரு. அவ என்ன கேட்டா தெரியுமா? அந்த மரியாதைய விசா ஆபீசுல வாங்கிக்குவாங்களான்னு கேட்டா.

ரெண்டு பேருமே ஃபெயில்.

தப்புன்னு யாரச் சொல்லுவ? அவரு மேல தப்பா, என் மேல தப்பா? நம்ம வீட்டுல சொல்லிக் குடுத்தத ரெண்டு பேரும் ஒழுங்கா செஞ்சோம். பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாத, அந்நியர்கிட்ட வளவளன்னு பேசாத, எதுத்துப் பேசாத. இங்க அதுல ஒவ்வொண்ணுக்கும் மார்க்கக் கழிச்சிருக்காங்க.

இரு. கதவு தொறக்குது.

இல்ல, வேற நம்பர். நம்மள இல்ல. நீ மூச்ச விடு.

நானா? நான் அந்தக் கதவப் பாக்கல. வாசல் கதவப் பாத்தேன். அந்தக் கண்ணாடிக் கதவ. என் மகன் வந்துருவானோன்னு ஒரு பயம், அவ்வளவுதான். நான் இங்க வந்தது அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா விட மாட்டான். காலையில எல்லாரும் தூங்கிட்டிருக்கும்போது செருப்பக் கையில எடுத்துக்கிட்டு இறங்கி, ஓல்டம்லேருந்து பஸ் ஏறி வந்துட்டேன். ஃபோன இங்க வாங்கி பொட்டில பூட்டி வச்சுட்டாங்க, இந்நேரம் பத்து தடவ அடிச்சிருப்பான். ஏன் விட மாட்டான்னா… அது எங்க வீட்டு விஷயம். நீ அத விடு. வாசல நான் பாத்துக்கறேன், நீ என்னப் பாரு.

இல்ல, வீட்டுக்காரர் வந்து விடல. பஸ்ஸுலதான் வந்தேன்னு சொன்னேன்ல.

அவருதான் எனக்கு வாத்தியாரு. அந்த ஹாஜியாரு கதைய வீட்டுல வந்து சொன்னேன் பாரு, அப்படிச் சிரிச்சாரு. அவருக்கு வாரத்துல மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ற மிஷின். கையில ஊசி ஏத்திப் படுக்க வச்சிருப்பாங்க. சிரிச்சா ஊசி ஆடுதுன்னு நர்ஸு வந்து திட்டுச்சு. அவரு அந்த நர்ஸுகிட்டயும் கதைய சொல்லி அதையும் சிரிக்க வச்சுட்டாரு. அப்புறம் அவருக்கே ஒரு யோசன வந்துச்சு. அந்த மிஷின் ஓடி முடியிற வரைக்கும் சும்மாத்தான படுத்திருக்கேன், உக்காரு, நான்தான் பரீட்சைக்காரின்னாரு. குரல மாத்திக்கிட்டு, குட் மார்னிங் மேடம்பாரு. பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறவங்க எல்லாம் திரும்பிப் பாப்பாங்க. எனக்கு வெக்கமா இருக்கும்.

அவரு இங்கிலீசு அடுப்படி இங்கிலீசு. காலமெல்லாம் ஓட்டல்லயே சமையல். டூ சிக்கன், ஒன் ரைஸ், சீக்கிரம்னு கத்துற இங்கிலீசு. ஆனா ஒண்ணு மட்டும் அவருக்குப் புரிஞ்சுது. உனக்கு வார்த்த இருக்கு, எதுத்துப் பேசத்தான் தெரியலன்னாரு. வேணும்னே தப்புத் தப்பா சொல்லுவாரு. இன்னைக்கு வெயிலடிக்குது பாரும்பாரு, வெளிய மழை கொட்டும். நான் எஸ்ஸும்பேன். தலையில அடிச்சுக்குவாரு. நோ சொல்லு, நோ சொல்லுன்னு கெஞ்சுவாரு. கட்டின பொஞ்சாதிகிட்ட, என்ன எதுத்துப் பேசும்மான்னு கெஞ்சுற ஆம்பளைய நீ எங்கயாவது பாத்திருக்கியா? எனக்கு அந்த ஒரு நோ வர்றதுக்கு ஒரு மாசம் ஆச்சு. வந்தப்புறம் நிக்கல. அப்புறம் அவரே சொன்னாரு, போதும், வீட்டுக்கு வந்தப்புறமும் எதுக்கு நோ சொல்றன்னு.

கல்யாணம் ஆனதிலேருந்து அவரு இங்க, நான் அங்க. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ வருவாரு, கொஞ்ச நாள் இருப்பாரு. இவரு உடம்புக்கு முடியாமப் போனப்புறம்தான் என்னக் கூப்டுக்கிட்டாரு. கூட இருந்ததெல்லாம் இந்த ஒரு விசாக் காலந்தான். நாங்க நிறைய பேசினதே அந்த மிஷின் பக்கத்துலதான், அதுவும் தப்பு இங்கிலீசுல.

சரி, இப்ப நீ. ஒரு தடவ பேசிப் பாத்துருவோம். நம்ம பேச்சுலயே பேசுவோம், இங்கிலீசு உனக்குத் தானா வரும். பக்கத்து வீட்டுக்கு ஒரு வெள்ளக்காரக் கெழவர் புதுசா குடி வந்திருக்காரு. நாம ரெண்டு பேரும் ஏதாவது சமைச்சு எடுத்துக்கிட்டுப் போகணும். என்ன எடுத்துட்டுப் போலாம்? சொல்லு.

உங்க இஷ்டம்னு சொல்லாத. அது பதிலே இல்ல.

சரி, நான் ஆரம்பிக்கிறேன். கருவாட்டுச் சட்னி எடுத்துட்டுப் போவோம். நல்லா காரமா, பச்ச மொளகா போட்டு. சரியா?

சரிங்க சாச்சியா! எது சரி? வெள்ளக்காரக் கெழவன் வீட்டுக்குக் கருவாட எடுத்துட்டுப் போனா, அந்தாளு வீட்டுல ஏதோ செத்துக் கெடக்குதுன்னு போலீசக் கூப்டுவான். நீ என்ன தடுக்க வேணாமா?

மறுபடி. வர்ற ஞாயித்துக்கெழம அவரக் கூட்டிக்கிட்டு மலை மேல ஏறுவோம். கொட்டுற மழையில. அவருக்கு எண்பது வயசு. கைத்தடி வச்சிருக்காரு. போலாமா? … தலைய ஆட்டாத, ரெஹ்னுமா. அந்தக் கெழவர நாம ரெண்டு பேரும் சேந்து கொன்னுட்டோம் இப்ப.

உள்ள போய் இப்படித்தான் பண்ணுவ. நான் ஏதாவது உளறுவேன், நீ ஆமாம்ப. அந்தம்மா பேனாவத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். உன் பிள்ள கீழ கார்ல உக்காந்திருக்கும்.

கோவம் வருதா? வரட்டும். இன்னும் கொஞ்சம் வரட்டும். எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளா. உங்க பியானிபஜார்காரங்களுக்கு மீன் குழம்பு வைக்கவே தெரியாதாமே? தண்ணிய ஊத்தி ஊத்தி, குழம்புக்குள்ள மீன் இன்னும் நீந்திக்கிட்டு இருக்குமாமே? எங்க ஊருல உங்க பக்கம் பொண்ணெடுக்கறவங்க, கூடவே ஒரு சமையக்காரியயும் கேட்டு வாங்கிட்டு வருவாங்கன்னு சொல்லுவாங்க. உங்கம்மா எப்படி, அவங்களும் அப்படித்தானா?

என்னது?

என்ன சொன்ன, மறுபடி சொல்லு.

ஜகன்னாத்பூர்காரங்க வெங்காயம் வதங்கறதுக்கு முன்னாடியே மீனப் போட்டுருவோமா? பச்ச வாட வருமா? எங்க ஊரு கல்யாணத்துல நீ சாப்பிட்டிருக்கியா? சாப்பிட்டு, வீட்டுக்குப் போய் மறுபடி சாப்பிட்டீங்களா எல்லாரும்? அடிப்பாவி!

அப்படித்தான்! அதுதான்! அந்த மொகத்த அப்படியே வச்சுக்க. அந்தக் குரலு, அதத்தான் உள்ள எடுத்துட்டு வரணும். மன்னிப்புக் கேக்காத, எதுக்குக் கேக்குற? நீ எங்க ஊரயே கவுத்துட்ட, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. மேசைக்காரப் பொண்ணு பாக்குது பாரு, பாக்கட்டும். சாரி மேடம், சாரி. … திட்டல, சிரிக்குது.

உன்கிட்ட எல்லாம் இருக்கு. இன்னொண்ணு. ஒருத்தர் பேசி முடிச்சதும் பக்கத்துல இருக்கிறவங்க கேள்வி கேக்கணும். தலைப்பக் குடுத்து, ஒன்றரை நிமிஷம் பேசச் சொல்லுவாங்க. நான் பேசினா நீ கேக்கணும், நீ பேசினா நான் கேப்பேன். அத மறந்துராத. நல்லா இருந்துச்சு, மாஷா அல்லாஹ்ன்னு சொல்லிட்டு உக்காந்துடாத.

அந்த ரெண்டு பேரும் வெளிய வர்றாங்க. அந்தத் தம்பி மொகத்தப் பாரு, வெளுத்துப் போச்சு. பாக்காத, பாக்காத. அடுத்தது நாமதான்.

என்ன மறுபடி தலைய தொங்கப் போட்டுட்ட? இப்பத்தான நல்லா இருந்த. என்ன? … சொல்லு, நேரமில்ல.

ஓ.

ஓ, இதுதானா. நீ பயந்து வாய மூடிக்கலியா, அப்ப.

நான் பேசிக்கிட்டே போனா இவங்களுக்கு நேரம் இருக்காது, குறுக்க பேசினா இவங்களுக்கு வார்த்த தடுமாறிடும், என்னால இவங்க ஃபெயிலாயிருவாங்க, இவங்களுக்கும் விசா போயிரும்னு. வயசான காலத்துல புருஷன விட்டுட்டு இவங்க திரும்பிப் போக நான் காரணமாயிருவேன், அல்லாஹ்கிட்ட என்ன பதில் சொல்லுவேன்னு. உள்ளுக்குள்ள இந்தக் கணக்கத்தான் போட்டுக்கிட்டு இருந்தியா, நான் கருவாடு கருவாடுன்னு கத்திக்கிட்டிருந்தப்ப?

நீ வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். தப்பு என் மேலதான்.

அப்ப ஒண்ணு சொல்றேன், சுருக்கமா சொல்றேன். எனக்கு இந்தப் பரீட்சை வேணாம்மா. நான் பாஸானாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். வக்கீல் நேத்து ஃபோன்ல சொல்லிட்டாரு. புருஷன் இறந்து மவுத்தாயிட்டா, இந்த விசால இருக்கிற பொம்பளைக்கு இங்கிலீசுப் பரீட்சை கெடயாதாம். ஃபாரமே வேறயாம். நிரந்தரமா இருக்கறதுக்கே நேரா போடலாமாம்.

ம்.

போன செவ்வாக்கெழம. ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்குக் கொண்டாந்து உக்கார வச்சோம். டீ கேட்டாரு. போட்டு எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள.

சொல்லு, நீயும் அவருக்காக துஆ சொல்லு. மனசுக்குள்ள சொல்லு. அழாத, ரெஹ்னுமா. அழுதா மூக்கடைச்சுக்கும், இங்கிலீசு வெளிய வராது. இப்பத்தான் என் மூக்கப் பாக்குறியா? ஆமா, மூக்குத்தியக் கழட்டி வச்சுட்டேன். அதுக்குத்தான் மகன் விட மாட்டான்னு சொன்னேன். புருஷன் போய் வீட்டோட இத்தாவுல உக்காந்திருக்கிறவ வாசப்படி தாண்டலாமான்னு கேப்பான். பகல்ல அவசியம்னா போலாம்னு பள்ளிவாசல் ஹஜரத்து சொல்லியிருக்காரு. இது என்ன அவசியம்னு அவன் கேட்டுடுவான்னுதான் சொல்லாம வந்தேன்.

அப்ப ஏன் வந்தீங்களா? பாத்தியா, கேள்வி கேக்க உனக்கு நல்லாவே வருது.

வீடு நெறைய ஆளும்மா. செவ்வாக்கெழமைலேருந்து வந்துக்கிட்டே இருக்காங்க. சோறு கொண்டாறாங்க, ஓதுறாங்க, என் கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. கேக்குறது எல்லாரும் ஒண்ணேதான். எத்தன மணிக்கு? கடைசியா கலிமா சொன்னாரா? பக்கத்துல யாரு இருந்தாங்க? அந்த ஒரு நாளத் தவிர வேற ஒண்ணும் யாரும் கேக்கல. என் மகன் கூடக் கேக்கல. அவனுக்கு எப்படித் தெரியும், அவனும் அப்பா வெளிநாட்டுல இருக்கப் பொறந்து வளந்தவன்தான. உள்ள அந்தம்மா கேக்கும். உங்க வீட்டுக்காரரப் பத்திச் சொல்லுங்கன்னு கேக்கும். என்ன சாப்பிடுவாரு, காலையில எப்ப எந்திரிப்பாரு, அவருக்கு எது சிரிப்பு வரும். அது அவங்க எப்பவும் கேக்குற கேள்வி. யாரும் அழ மாட்டாங்க, யாரும் குறுக்க வந்து பொறுத்துக்குங்க, ஸப்ரு பண்ணுங்கன்னு சொல்ல மாட்டாங்க. ஒன்றரை நிமிஷம் நிறுத்தாமப் பேசுங்கன்னு சொல்லி, அந்தம்மா கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கும்.

அதுக்குத்தான் வந்தேன்.

ஆமா, கூப்டுறாங்க. நம்ம நம்பர்தான். கண்ணத் தொடச்சுக்க, துப்பட்டாவ சரி பண்ணு, கோட்ட மூடு. மிச்ச நேரம் பூரா உன்னோடது. எடுத்துக்க, என்னத் தள்ளிட்டுப் பேசு, கெழவிக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு, எனக்கு நஷ்டமே இல்ல. அவரப் பத்திப் பேசுற அந்தக் கொஞ்ச நேரத்த மட்டும் எனக்கு விட்டுடு. நான் பேசி முடிச்சதும் நீ கேள்வி கேக்கணுமில்ல, அது உன் மார்க்கு. நல்ல கேள்வியா கேளு.